கப்பலேறினவருக்கு சீட்டு இருக்கு, ஆயிக்கு என்ன இருக்கு?

அயர்லாந்துக்காரங்க வம்சாவளி தேடறதுல பயங்கர கில்லாடிங்க. பஞ்சத்துல பொழைக்க வழியில்லாம அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு போன ஜனம் இல்லையா, அவங்க பேரப்பிள்ளைங்க இன்னிக்கும் டப்ளினுக்கு வந்து "எங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊரு, எந்த மாதாகோயில்ல கல்யாணம் கட்டினாரு"ன்னு குடைஞ்சுக்கிட்டே இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு பெரிய சோகம் உண்டு. 1922 ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துல இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடிச்சு எரிஞ்சு போச்சு. 1821-லேர்ந்து 1851 வரைக்கும் எடுத்த குடிக்கணக்கு ஏறக்குறைய முழுசும், உயில்கள், சர்ச் ஆப் அயர்லாந்து பதிவேடுகளில் பாதிக்கு மேல, எல்லாம் சாம்பல். எரிஞ்ச தாள் துண்டுங்க காத்துல பறந்து ஊர் முழுக்க விழுந்துச்சாம்.

படிச்சப்ப "ஐயோ பாவம்"னு தோணிச்சு. அடுத்த நிமிஷமே இன்னொண்ணும் தோணிச்சு. எரியறதுக்கு அவங்ககிட்ட ஏதோ இருந்திருக்கு. நம்ம காவிரிக் கரையில எவனும் குண்டு வைக்கலை. ஆனா உங்க கொள்ளுப்பாட்டிக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆச்சுன்னு கேட்டா பதில் இருக்கா மக்களே? வருஷத்தை விடுங்க. அவங்க பேர் தெரியுமா? அப்பா வழியில ரெண்டு, அம்மா வழியில ரெண்டு, ஆக மொத்தம் நாலு கொள்ளுப்பாட்டி இருக்கணும். நாலு பேர் பேரையும் யோசிக்காம சொல்ல முடிஞ்சவங்க கை தூக்குங்க பார்ப்போம் :-)

எனக்கு ரெண்டு பேரோடது தெரியும். மூணாவது ஆள் விஷயத்துலதான் இந்தப் பதிவே.

நமக்கு சொந்த ஊர் நன்னிலம் பக்கம். எங்க தாத்தாவைப் பெத்த ஆயியை வீட்ல எல்லாரும் "பூந்தோட்டத்தாயி"ன்னுதான் சொல்லுவாங்க. பூந்தோட்டத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவங்க, அதனால அந்தப் பேரு. டெல்டா பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசில்லை. திருவாரூராயி, குடவாசலாயி, மன்னார்குடியாயின்னு தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. பொறந்த ஊரை விட்டு வந்ததுமே அந்த ஊர்தான் பேரு. சொந்தப் பேர் எங்க போச்சுன்னா, யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியலை.

இதே வீட்ல இன்னொரு கதையும் உண்டு. கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஒருத்தர், வீட்ல சண்டை போட்டுக்கிட்டு நேட்டாலுக்குக் கப்பலேறிட்டாரு, திரும்பவே இல்லைன்னு சொல்லுவாங்க. எந்த வருஷம், என்ன சண்டை, ஒண்ணும் தெரியாது.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. கப்பலேறினவரைத் தேடறது சுலபமா இருந்துது.

தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்கு 1860-லேர்ந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா போனவங்க 1,52,184 பேர். 1860 நவம்பர்ல மெட்ராஸ்லேர்ந்து போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ'ங்கற கப்பல்தான் முதல் கப்பல். மொத்தப் பேர்ல பெரும்பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாப் போனவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேரே பேரு, அப்பா பேரு, வயசு, ஆணா பெண்ணா, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, உயரம், உடம்புல என்ன அடையாளம், இத்தனையும் எழுதி வெச்சிருக்கான். டர்பன்ல இருக்கற பல்கலைக்கழகக்காரங்க அந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில ஏத்தியும் வெச்சாங்க. மொரீஷியஸ்ல மோக்கா ஊர்ல இருக்கற மகாத்மா காந்தி நிறுவனத்துல இன்னும் ஒரு படி மேல. 1860-களுக்கு அப்புறம் வந்தவங்களுக்குப் போட்டோவே எடுத்து வெச்சிருக்காங்க. ஃபிஜித் தீவுக்கு மெட்ராஸ்லேர்ந்து 1903-லதான் ஆள் போக ஆரம்பிச்சாங்க. அதுக்கும் ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு உண்டு.

தேடறவங்களுக்கு ஒரு குறிப்பு. ஊர் பேரெல்லாம் வெள்ளைக்கார குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி இருக்கும். தஞ்சாவூர் 'டாஞ்சூர்', நாகப்பட்டினம் 'நெகபட்டம்', கும்பகோணம் 'கோம்பகோணம்', சீர்காழி 'ஷியாளி'. மயிலாடுதுறைன்னு தேடாதீங்க, 1982 வரைக்கும் அது மாயவரம். அப்புறம் ஜில்லா. நாகை மாவட்டம் பிரிஞ்சது 1991, திருவாரூர் 1997, மயிலாடுதுறை 2020. அதனால பழைய காகிதத்துல எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான்.

இப்படித் தேடித்தான் ஒரு வரி கிடைச்சுது. பேரு, அப்பா பேரு, நன்னிலம் தாலுகா எல்லாம் பொருந்துது. வயசு 19. இடது முழங்கால்ல தழும்பு.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஊரை விட்டுப் போய்த் திரும்பாத ஒருத்தரோட முழங்கால் தழும்பு எனக்குத் தெரியுது. இங்கேயே இருந்து, நாத்து நட்டு, புள்ளை பெத்து, இதே மண்ணுல செத்துப் போன ஆயியோட பேர் தெரியலை.

ஏன் இப்படி? அந்தக் கேள்வியிலதான் வரலாறே இருக்கு.

கப்பல் பட்டியல் பாசத்துல எழுதினதில்லை. அஞ்சு வருஷம் ஒப்பந்தம் போட்டு வாங்கின உழைப்பு அது. நடுவுல ஓடிப் போனா புடிச்சு இழுத்துட்டு வரணும், அதுக்குத்தான் தழும்பு. மாட்டுச் சந்தையில சுழி பார்க்கற மாதிரி. அரசாங்கம் எவங்கிட்ட எதையாவது வாங்கணுமோ அவன் பேரை மட்டும் ஒழுங்கா எழுதும். உழைப்பு வாங்கணுமா, கப்பல் பட்டியல். வரி வாங்கணுமா, நிலக் கணக்கு. கூலியோ நெல்லோ கொடுக்கணும்னாலும் எழுதித்தான் ஆகணும்.

நம்ம பெரிய கோயிலையே எடுத்துக்குங்க. ராஜராஜன் தன் 29-ஆம் ஆட்சியாண்டுல, அதாவது சுமார் 1014-ல, 400 தளிச்சேரிப் பெண்களோட பேரைக் கல்லுல வெட்டி வெச்சான். எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தாங்க, இங்க எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, எல்லாம் இருக்கு. ஆயிரம் வருஷம் பழசான வீட்டு விலாசம்! ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆனா இந்தப் பொண்ணு யார் பெத்த பொண்ணுன்னு தேடிப் பாருங்க. கிடையாது. எல்லார் பேருக்கும் முன்னாடி 'நக்கன்'னு ஒரே அடைமொழி. நெல் அளக்கறதுக்கு விலாசம் போதும், தாய் தகப்பன் எதுக்கு?

வம்சாவளி முழுசா வேணும்னா ராஜாவாப் பொறக்கணும். அதே கோயில் சுவர்ல 1803-ல சரபோஜி மன்னர் போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராட்டியில வெட்ட வெச்சாரு. தாத்தன், முப்பாட்டன்னு எல்லாரும் வரிசையா வருவாங்க.

சரி, நம்ம மாதிரி சாதா ஆளுங்க கல்யாணம்? கிறிஸ்தவங்களுக்குப் பிரச்சினை கம்மி. தரங்கம்பாடிக்கு சீகன்பால்க் வந்து இறங்கினது 1706. அவர் கட்டின புது எருசலேம் கோயில் 1718-ல பிரதிஷ்டை ஆச்சு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதி வெக்கறது மாதாகோயில் பழக்கம். டேனிஷ்காரங்க 1845-ல தரங்கம்பாடியையும் வங்காளத்துல வெச்சிருந்த இடங்களையும் பன்னெண்டரை லட்ச ரூபாய்க்கு வெள்ளைக்காரங்கிட்ட வித்துட்டுப் போனப்பவும், அவங்க ஆவணங்கள் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்துது. கம்பெனி ஆளுங்களுக்கு இன்னும் வசதி. மெட்ராஸ் மாகாணத்துல நடந்த ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளோட நகல் லண்டனுக்குப் போயிடும், 1698-லேர்ந்து இருக்கு. அதனால திருச்சிராப்பள்ளி கண்டோன்மெண்ட்ல ஒரு ஐரிஷ் சிப்பாய் கல்யாணம் பண்ணியிருந்தா, அது இன்னிக்கும் லண்டன்ல கிடைக்க வாய்ப்பு இருக்கு. அவன் அண்ணன் டப்ளின் பக்கம் பண்ணின கல்யாணம் 1922-ல எரிஞ்சிருக்கலாம். நகல் எடுத்தது பொழைச்சுது, எடுக்காதது போச்சு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில வேணும்.

முஸ்லிம்களுக்கு ஜமாத்துல நிக்காஹ் பதிவேடு. காரைக்கால்காரங்களுக்கு அதிர்ஷ்டம். எங்க ஊர்லேர்ந்து பஸ் ஏறினா காரைக்கால். ஆனா அது பிரெஞ்சுக்காரன் ஊரு. பிறப்பு, கல்யாணம், சாவு மூணையும் பிரெஞ்சு பாஷையில பதிவு பண்ணினான். 1881-ல ஒரு சட்டம் போட்டு, சொந்த சாதி, மத வழக்கத்தை விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்குள்ள வர்றவங்க குடும்பப் பேர் ஒண்ணு வெச்சுக்கணும்னான். அந்தப் பதிவேடுகள் இன்னிக்கு ஃபிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்துல, இணையத்துலயே புரட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு. ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே நெல்லு. எல்லைக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டவளுக்கு சர்டிபிகேட் உண்டு, இந்தப் பக்கம் வந்தவளுக்கு இல்லை.

இந்தப் பக்கம் சட்டம் என்ன சொல்லிச்சு? கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு 1872-லயே சட்டம் வந்தாச்சு. 1899-ல மெட்ராஸ் மாகாணத்துக்குப் பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம். இந்துக் கல்யாணத்தைப் பதிவு பண்ண 1955 சட்டத்துல இடம் இருந்துது, கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டுல எல்லாக் கல்யாணத்தையும் பதிவு பண்ணியே ஆகணும்னு சட்டம் வந்தது 2009-லதான்! அதுவரைக்கும் ஊர் கூடிப் பார்த்ததுதான் சாட்சி. ஊரே செத்துப் போனா சாட்சியும் போச்சு.

"அதனால என்ன குடி முழுகிப் போச்சு?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கதை. கதை இல்லை, நடந்தது. 1913 மார்ச் 14-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவுல நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு கொடுத்தாரு. கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவாகாத கல்யாணம் அந்த நாட்டுச் சட்டப்படி கல்யாணமே இல்லைன்னு. ஒரே நாள்ல அங்க இருந்த நம்மூரு பொம்பளைங்க எல்லாம் சட்டத்தோட கண்ணுக்குப் பொண்டாட்டியே இல்லை, புள்ளைங்க வாரிசே இல்லை. அதுவரைக்கும் வீட்டுக்குள்ள இருந்தவங்க தெருவுக்கு வந்தாங்க. மூணு பவுன் தலைவரியை எடுக்கணும், எங்க கல்யாணத்தை ஒத்துக்கணும்னு போராடி ஜெயிலுக்குப் போனாங்க. அதுல ஒருத்திதான் வள்ளியம்மை. தரங்கம்பாடிக்குப் பக்கத்துல இருக்கற தில்லையாடியிலேர்ந்து பொழைக்கப் போன குடும்பத்துப் பொண்ணு, பொறந்தது ஜோகன்னஸ்பர்க்ல. ஜெயில்ல காய்ச்சல் கண்டு, வெளிய வந்த கொஞ்ச நாள்ல, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி செத்துப் போச்சு. அப்ப அதுக்கு வயசு 16. அந்த வருஷமே நிவாரணச் சட்டம் வந்து கல்யாணங்களும் செல்லும்னு ஆச்சு, தலைவரியும் போச்சு. 1915-ல காந்தி தில்லையாடிக்கு வந்தாரு.

தாலியும் ஊரும் மட்டும் போதும்னு இருந்த ஜனத்துக்கு, கடல் தாண்டினதும் காகிதம் என்னன்னு புரிஞ்சுது. புரியறதுக்கு ஒரு உசுரு போச்சு.

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம். காகிதம் இல்லாத ஊர்ல ஆயியை எப்படித் தேடறது? ஐரிஷ்காரங்ககிட்டதான் பாடம் படிச்சேன். காப்பகம் எரிஞ்சதும் அவங்க மூலையில உட்காரலை. 1847-லேர்ந்து 1864 வரைக்கும் வரி போடறதுக்காக எந்த வீட்ல எவன் குடியிருக்கான்னு எழுதின கிரிஃபித் மதிப்பீட்டைத் தூசி தட்டினாங்க. எதுக்காகவோ எழுதினதுல வம்சத்தைத் தேடினாங்க. நம்மகிட்டயும் அந்த மாதிரி இருக்கு.

முதல்ல பரண். ஜாதக நோட்டு கிடைக்கும். ஆனா ஜாக்கிரதை, தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும். பிரபவ வருஷம்னு இருந்தா அது 1867-ம் ஆகலாம், 1927-ம் ஆகலாம். தாத்தாவையும் பேரனையும் குழப்பிடும்.

அடுத்தது மொய் நோட்டு. இதைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டவங்களை என்ன சொல்றது! யாரு, எந்த ஊரு, என்ன உறவு, எத்தனை ரூபா, எல்லாம் இருக்கும். அரசாங்கம் பதியாத கல்யாணத்தை நம்மாளு பதிஞ்சு வெச்சது இதுலதான், அதுவும் திருப்பிச் செய்யணுமேங்கற கணக்குக்காக. பேராவூரணி பக்கம் மொய் விருந்துன்னே தனியா நடத்தறவங்க ஆச்சே நாம.

அப்புறம் பிறப்புப் பதிவேடு. அந்தக் காலத்துல கிராமத்துல முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும்தான் எல்லாம். பரம்பரை உத்தியோகத்தை 1980-ல எம்.ஜி.ஆர். அரசு ஒழிச்சது. பழைய பதிவேடு தாலுகா ஆபீஸ்ல, இல்லேன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல கேக்கணும். பேரை வெச்சுத் தேடாதீங்க. பதியும்போது குழந்தைக்குப் பேரே வெச்சிருக்க மாட்டாங்க, 'பெண் குழந்தை'ன்னு மட்டும் இருக்கும். தேதி, அப்பா பேரு, இதை வெச்சுத்தான் தேடணும். இன்னிக்கும் பிறப்பைப் பதிஞ்சுட்டுப் பேரை அப்புறமா சேர்க்கலாம், 15 வருஷம் வரைக்கும் நேரம் உண்டு.

கடைசியா பத்திரம். இணையத்துல வர்ற வில்லங்கம் பொதுவா 1975-க்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி வேணும்னா ஆபீஸ்ல போய்ப் புத்தகத்தைத் தேடச் சொல்லி மனு போடணும். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், அங்க ரெண்டு விதமா இண்டெக்ஸ் உண்டு. ரெண்டாவது சொத்து வரிசை. முதலாவது ஆள் பேர் வரிசை! சர்வே நம்பர் தெரியலைன்னாலும் தாத்தா பேரை வெச்சுத் தேடலாம்.

அப்படித்தான் கிடைச்சாங்க எங்க ஆயி. 1931-ஆம் வருஷத்து அடமானப் பத்திரம். நெல் விலை விழுந்து ஊரெல்லாம் கடன்ல தத்தளிச்ச காலம். கொள்ளுத்தாத்தா போயாச்சு. எங்க தாத்தா மைனர். இன்னாரோட விதவை, மைனர் மகனுக்குக் கார்டியன்னு எழுதி, கீழ ஆயியோட பேரும் அதுக்குப் பக்கத்துல கைநாட்டும்.

அந்தப் பேரைப் படிச்சதும் எனக்கு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துது. அது எங்க பெரிய அத்தையோட பேரு. பள்ளிக்கூட சர்டிபிகேட்ல மட்டும் இருக்கற பேரு. வீட்ல அத்தையை எல்லாரும் 'பாப்பா'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஏன்னு இப்பதான் புரியுது. மாமியார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாது இல்லையா? பேத்திக்கு அந்தப் பேரை வெச்சாச்சு, கூப்பிட முடியலை, பாப்பா ஆக்கிட்டாங்க. பெயரன்தான் பேரன், பெயர்த்திதான் பேத்தின்னு தமிழ் வாத்தியார் சொன்னதை இத்தனை வருஷம் கழிச்சு ஒரு அடமானப் பத்திரம் விளக்கிச்சு. ஐரிஷ்காரங்களும் மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரை வெக்கற ஜனம்தான். பேரை வெச்சே ஒரு தலைமுறை மேல ஏறுவாங்க. நாமளும் ஏறலாம், பாட்டி பேரைப் பேத்திகிட்டத் தேடி.

ஒண்ணை மறைக்காம சொல்லணும். எங்களுக்கு அடமானம் வெக்கற அளவுக்காவது நிலம் இருந்துது, அதனால பேர் கிடைச்சுது. அதே வயல்ல இறங்கி உழைச்ச பண்ணையாள் குடும்பத்துக்கு எந்த இண்டெக்ஸ்ல தேடறது? பட்டா இல்லை, பத்திரம் இல்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல. குடியிருந்த மனைக்கட்டு அவங்களுக்கே சொந்தம்னு சட்டம் வந்தது 1971-ல. எத்தனையோ குடும்பத்துல தாத்தா பேர் ஏறின முதல் காகிதம் அந்த மனைப் பட்டாதான். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1968 டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி, கீழ்வெண்மணியில 44 பேரை எரிச்சுக் கொன்னாங்க. அவங்க பேரும் கல்லுல ஏறியிருக்கு. நெல்லு வாங்கறவங்க பேரைக் கல்லுல வெட்டின அதே ஜில்லாவுல, நெல்லு விளைவிச்சவங்க பேர் கல்லுல ஏற இப்படிச் சாக வேண்டியிருந்துது.

அந்தக் குடும்பங்கள்ல இருக்கற ஒரே ஆவணம் கெழவிங்க ஞாபகம்தான். அதுக்கு நகல் கிடையாது. ஒவ்வொரு சாவுலயும் ஒரு ஃபோர் கோர்ட்ஸ் சத்தமில்லாம எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

அதனால நண்பர்களே, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. "ஆயி, ஒங்க ஆயி பேரு என்ன?" இந்த ஒரு கேள்வி போதும், மிச்சத்தை அவங்களே சொல்லுவாங்க. பொறந்த ஊரு, எந்த வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் கல்யாணம், எத்தனை புள்ளை பெத்து எத்தனை தங்கிச்சு, எல்லாத்தையும் எழுதுங்க. எழுதினதை நாலு நகல் எடுத்து சித்தப்பா வீடு, அத்தை வீடுன்னு கொடுத்து வைங்க.

வெத்தலைப் பாக்கோட போனா பதில் சீக்கிரம் வரும் :-)